கரடி வைத்தியரின் தூக்க மருந்து

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை, பிள்ளைகளே. போன கோடையில் அங்கே தீப்பிடித்தது. அன்றிலிருந்து ஒரு சருகு சலசலத்தாலும் எல்லோரும் பதறி எழுந்துவிடுவார்கள்.

கரடி வைத்தியர் ஒரு வேரை இடித்துத் தூக்க மருந்து செய்தார். எந்த மருந்தையும் முதலில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். அதிலும் ஆண் எலிகளுக்கு மட்டும்தான். அவை மாலையில் குடித்துவிட்டுச் சுருண்டன; விடியும் முன்பே துள்ளி எழுந்தன. கரடிக்குப் பெருமை தாங்கவில்லை.

"வைத்தியரே, எங்களுக்கும் கொடுத்துப் பாருங்களேன்" என்றாள் பெண் எலி ஒருத்தி.

"உங்கள் உடம்பு இன்றைக்கு ஒரு மாதிரி, நாலு நாளில் வேறு மாதிரி. என் கணக்கெல்லாம் குழம்பிப் போகும்."

"அப்படியென்றால் இந்த மருந்து எங்களுக்கு இல்லையா?"

"ஏன் இல்லை? தாராளமாகக் குடியுங்கள். தூக்கம் எல்லோருக்கும் ஒன்றுதானே!"

எலிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் கரடியோடு மல்லுக்கு நிற்க முடியுமா?

அன்று மாலை செவந்தி என்ற தாய் முயலும் அவள் கணவனும் மருந்து வாங்க வந்தார்கள். அவர்கள் வளையில் இன்னும் கண் திறக்காத குட்டிகள் இருந்தன.

"விடிவதற்குள் எழுந்துவிடுவேனா?" செவந்திக்கு உள்ளுக்குள் பயம்.

"எலிகள் எல்லாம் எழுந்தனவே, அம்மா!" என்றார் கரடி. இருவரும் வீட்டுக்குப் போய் ஆளுக்கு ஒரு மடக்கு குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

விடிந்ததும் கணவன் எழுந்து புல் மேயப் போனான். திரும்பி வந்தால், வளை வாசலில் பாம்பு ஊர்ந்த தடம்! உள்ளே போன தடமும் இருந்தது, வெளியே வந்த தடமும் இருந்தது. அவனுக்கு உயிரே போய்விட்டது.

"செவந்தி! எழுந்திரு, செவந்தி!"

மூச்சு வந்தது, கண் திறக்கவில்லை. அவன் போட்ட கூச்சலில் கரடியும் பெண் எலியும் ஓடி வந்தார்கள்.

"இந்நேரம் எழுந்திருக்க வேண்டுமே!" என்றார் கரடி. "இவன் குடித்த அளவைத்தானே இவளும் குடித்தாள்?"

"அதே அளவுதான். ஆணுக்குப் பார்த்த அளவு" என்றாள் எலி. "எங்கள் உடம்பில் இது எத்தனை நேரம் தங்கும் என்று யார் பார்த்தது?"



உச்சி வெயிலில்தான் செவந்தி கண் விழித்தாள். தலை கிறுகிறுத்தது. வழக்கம்போல் குட்டிகளை ஒவ்வொன்றாக நக்கினாள். பிறகு வளையின் மூலைகளை முகர்ந்து பார்த்தாள்.

"சின்னவன் எங்கே?" என்று கேட்டாள்.

கணவன் வாசலில் இருந்த பாம்புத் தடத்தைப் பார்த்தான்.

நீதி: ஆணிடம் மட்டும் சோதித்த மருந்தைப் பெண்ணுக்கும் அப்படியே பொருந்தும் என்று நம்பிக் கொடுக்காதே.