கீரிப் பெட்டையின் முதுகு

வயதில் மூத்தவர் நாச்சிமுத்து. ஆனால் கோழி வளர்ப்பில் அவருக்குக் குரு சரசாத்தாள்தான். லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர், செத்துப்போன மனைவி தெய்வாத்தாள் விட்டுச்சென்ற கோழியைக் காப்பாற்றவே அவளிடம் வந்து சேர்ந்தார்.

ஒரு காலையில் அந்தக் கோழியை அணைத்துக்கொண்டு வந்தார். பெருவிடை இனத்துக் கீரிநிறப் பெட்டை. தூக்கி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. வெள்ளைக்கழிச்சல் நோயில் கூண்டே காலியானபோதும் தாக்குப்பிடித்தது இது ஒன்றுதான்.

“அம்மணி, அடை வச்ச முட்டை அத்தனையும் கூமுட்டையாப் போச்சு. இதுக்கும் வயசாகுது. இந்த வம்சம் இதோட அத்துப்போயிருமா?”

சரசாத்தாள் கோழியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முதுகில் ஓர் இறகுகூடக் கலையவில்லை. கல்யாணத்துக்குக் கிளம்பியது போல இருந்தது.

“ஏனுங்ணா, சேவலோட விட்டீங்களா?”

“பக்கத்து வீட்டுச் சேவலோட விட்டேன். மேல ஏறுனா மட்டும் வெரட்டி விட்டுருவேன்.”

“ஏனுங்க?”

“நகம் பட்டு முதுகு கிழிஞ்சு போகுமே. தெய்வாத்தா தடவித் தடவி வளர்த்தது. அவ கை பட்ட எறகு அம்மணி.”

இறகு வருஷா வருஷம் உதிர்ந்து முளைப்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொன்னார்.

சரசாத்தாள் சிரிக்கவில்லை. கோழியைத் தன் முற்றத்தில் இறக்கிவிட்டாள். அவளுடைய கருஞ்சேவல் ஒரு சிறகைத் தாழ்த்திக்கொண்டு சுற்றி வந்தது. நாச்சிமுத்து துண்டை ஓங்கினார்.

“அக்கா இருந்தப்ப இது முதுகு எப்படிங்ணா இருந்துச்சு?”

ஓங்கிய துண்டு அப்படியே நின்றது.

“மொட்டையாத்தான் இருக்கும். பொழுது சாய மடியில போட்டுக்குவா. வேப்பெண்ணெயில மஞ்சளைக் கொழைச்சுத் தடவிக்கிட்டே சேவலை ஒரு பாட்டம் திட்டுவா. நான் லாரிய விட்டு எறங்கி வந்தா, அந்தத் திட்டுத்தான் மொதல்ல காதுல விழும்.”

அது இன்னொரு தரம் கேட்காதா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் சேவல் ஏறி இறங்கிவிட்டது. மண்ணில் இறகுகள் கிடந்தன. பெட்டை உடம்பை உதறிக்கொண்டு இரை பொறுக்கப் போனது.

“வலிக்குமே அம்மணி?”

“வலிக்குங்ணா. போறப்ப மஞ்சள் வாங்கிட்டுப் போங்க.”