அக்னி மூலைக்காகப் பின்னால் போன வண்டி

ஆலாங்குட்டை என்றொரு ஊர். அந்த ஊரில் யாரும் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களிடம் உள்ள ஒரே தொந்தரவு அதுதான்.

அந்த ஊர்ப் பொன்னுரங்கத்துக்கு வயது முப்பத்தேழு. ஐந்து இடத்தில் பெண் பார்த்தும் கல்யாணம் கூடிவரவில்லை. பையனைக் குறை சொல்ல முடியாது. கூடப் போகிறவர்கள் அப்படி. மூன்று தாய்மாமன்கள்: மூத்தவர் மாரப்பன், இரண்டாமவர் சென்னியப்பன், இளையவர் நாச்சிமுத்து. மூவரும் மருமகன் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். மூளையை எங்கே வைத்தார்கள் என்றுதான் தெரியவில்லை. பொன்னுரங்கத்திடமும் அதைப் பெரிதாகத் தேட வேண்டாம், அவனும் அதே வீட்டில் வளர்ந்தவன்.

ஆறாவது இடம் தெய்வானை. மேற்கே பதினான்கு கிலோமீட்டர் தள்ளிச் சோளக்காட்டூரில் இருந்தாள். போட்டோவைப் பார்த்ததிலிருந்து பொன்னுரங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. "இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா நான் காசிக்குப் போயிருவேன் மாமா" என்று கண்கலங்கினான். நாச்சிமுத்து உடனே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், காசிக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று விசாரித்துவிட்டு வந்தார்.

தெய்வானை கெட்டிக்காரி. அவள் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தாள். "இதுவரைக்கும் பதினொரு கும்பலுக்குப் பஜ்ஜி சுட்டுப் போட்டாச்சு. தின்னுட்டுப் போனவங்க அப்புறம் ஒரு பதிலும் சொல்லலை. இந்தத் தடவை மாப்பிள்ளை தன் கையால கேசரி கிண்டி, சூடா எடுத்துட்டு வரட்டும். நான் உக்காந்து தின்னு பார்த்துட்டுச் சொல்றேன்." அவள் அப்பா வையாபுரி இன்னொன்று சேர்த்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறக்கிறது. அதற்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் வாசற்கதவு திறக்காது.

பதினான்கு கிலோமீட்டர் கேசரி எப்படிச் சூடாகப் போய்ச் சேரும்? இதற்கு நாச்சிமுத்துதான் வழி கண்டுபிடித்தார். அவருடைய சிநேகிதர் ஒருவர் கேரவன் வண்டி வைத்திருந்தார். சினிமாக்காரர்கள் வைத்திருப்பார்களே, உள்ளேயே அடுப்பு, குளியலறை, படுக்கை எல்லாம் இருக்குமே, அதுதான். சிநேகிதர் வெளிநாடு போவதால் ஒரு மாதம் வைத்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டார். கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாரப்பன் அதை நின்றுகொண்டே படித்தார். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள்.

"இதை உங்கள் சொந்த வீடு என்றே நினைத்துக்கொள்ளவும். வண்டி ஓடும்போது அடுப்பு எரியக் கூடாது. குளியல் ஒருவருக்கு இரண்டு நிமிடம். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அடியில் உள்ள அழுக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். சிவப்பு விளக்கு எரிந்ததும் அதைக் காலி செய்யவும். ரோட்டில் கொட்டக் கூடாது."

"சொந்த வீடுன்னு எழுதியிருக்குது" என்றார் மாரப்பன், தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "அப்ப மொதல்ல கிரகப்பிரவேசம் பண்ணோணும்."

பொன்னுரங்கம் கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு மணி. சரி, பால்தானே, காய்ச்சிவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். பசுவை மறந்துவிட்டான். சென்னியப்பன் மறக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பசுவை மஞ்சள் குங்குமம் வைத்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வண்டிக் கதவு இரண்டடி அகலம். பசு தலையை விட்டது, முன்னங்கால் இரண்டையும் வைத்தது, வயிறு மாட்டிக்கொண்டது.

"இது செல்லுமா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"தலை போயிருச்சில்ல. தலை போன எடந்தான் மாடு போன எடம்" என்றார் நாச்சிமுத்து.

"அப்ப வாலு? லட்சுமி இருக்கறது பின்னாடிதான்னு எங்க அய்யன் சொல்லுவாரு."

மாரப்பன் நெடுநேரம் யோசித்தார். பிறகு பசுவை வெளியே இழுத்து, திருப்பி நிறுத்தி, பின்பக்கமாக உள்ளே தள்ளச் சொன்னார். முன்பாதி ஒரு தடவை, பின்பாதி ஒரு தடவை. இரண்டும் சேர்ந்தால் ஒரு முழுப் பசு. இதில் யாருக்கும் மறுப்பில்லை. பின்பாதி உள்ளே இருந்த நேரத்தில் பசு தன்னால் ஆனதைச் செய்தது. அதை வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வாசல் வழியாகத் தள்ளி முடிக்க மணி எட்டாகிவிட்டது.

பால் பொங்கியது. அடுப்பு ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், வலது பக்கம் இருந்தது. வண்டி கிழக்கே பார்த்து நின்றது. மாரப்பன் விரலை நீட்டித் திசை பார்த்துவிட்டு மெய்சிலிர்த்துப் போனார். "தென்கிழக்கு! அடுப்பு அச்சுப் பிசகாம அக்னி மூலையில இருக்குது. கட்டினவன் வாஸ்து தெரிஞ்சவன்டா!"

எல்லோரும் கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினார்கள். நாச்சிமுத்து தெருமுனையில் வண்டியை ஒடித்து, மேற்கு ரோட்டில் விட்டார். நூறடி போயிருக்காது.

"நிறுத்துடா!" என்று அலறினார் மாரப்பன். "அடுப்பு வடமேற்கே வாயு மூலைக்கு வந்துருச்சு!"

சென்னியப்பன் பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வெளிறிய முகத்தோடு வந்தார். "அண்ணா, அக்னி மூலையில இப்ப குளிக்கற ரூம் நிக்குது. அக்னியில தண்ணி விட்டா குடும்பம் அணைஞ்சுபோகும்."

"வண்டி திரும்புனா வீடும் திரும்பத்தானே மாமா செய்யும்?" என்றான் பொன்னுரங்கம்.

"நல்ல வீடு திரும்பாது மாப்ளே" என்றார் மாரப்பன்.

பொன்னுரங்கத்துக்கும் அது சரியாகப் பட்டது. அவன் பார்த்த நல்ல வீடு எதுவும் திரும்பியதில்லை. வீடு கிழக்கே பார்த்துத்தான் இருக்க வேண்டும். பெண்ணோ மேற்கே இருக்கிறாள். கால் மணி நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வண்டியைக் கிழக்கே பார்க்கத் திருப்பிக்கொண்டு, ரிவர்ஸிலேயே சோளக்காட்டூர் போவது. நல்லவேளையாக ரோடு நேராக இருந்தது.

நாச்சிமுத்து தலையை வெளியே நீட்டி, பின்னால் பார்த்தபடி ஓட்டினார். மூன்றாவது கிலோமீட்டரில் அவர் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. அதுவும் ஒரு சௌகரியம்தான். எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர், "எங்கய்யா போறீங்க?" என்று கத்தினார். "பொண்ணு பார்க்க!" என்றார் சென்னியப்பன். "பார்த்துப் பயந்து ஓடறீங்களா?" என்றார் அவர். பொன்னுரங்கம் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்பதரை.

பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் குளிக்க நிறுத்தினார்கள். முதலில் மாரப்பன் போனார். சென்னியப்பன் வெளியே கடிகாரத்தோடு நின்றார். மாரப்பன் தலைமுதல் கால்வரை சந்தனச் சோப்பை நிதானமாகத் தேய்த்து முடித்தார்.

"ரெண்டு நிமிசம் ஆச்சுங்க அண்ணா."

மாரப்பன் அப்படியே குழாயை மூடிவிட்டு, நுரையோடு வெளியே வந்தார். சட்டம் என்றால் சட்டம். சென்னியப்பனும் அப்படியே வந்தார். நாச்சிமுத்துவுக்குக் கழுத்து திரும்பாததால் சோப்பைத் தேடுவதிலேயே ஒன்றரை நிமிடம் போய், பாதி உடம்புக்குத்தான் நுரை கிடைத்தது. வெயிலில் நுரை காய்ந்து, மூவரும் சுண்ணாம்பு அடித்த சுவர் போல் நின்றார்கள்.

"வெளுப்பாத்தான் இருக்கோம்" என்று திருப்திப்பட்டார் மாரப்பன். அப்போதுதான் விளக்கு ஞாபகம் வந்தது. "சிவப்பு விளக்கு எரிஞ்சதும் காலி பண்ணச் சொல்லியிருக்குது. ஏன்டா இன்னும் எரியலை?"

"தொட்டி நெறையலீங்க."

"அப்ப நெறப்போணும். சொன்னதைச் செய்யாம வண்டியைக் குடுக்க முடியுமா?"

குழாயைத் திறந்துவிட்டு நால்வரும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல தண்ணீர் முழுவதும் அழுக்குத் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பொன்னுரங்கமும் தட்டினான். காலையிலிருந்து சொன்னபடி நடந்த முதல் காரியம் அது.

அடுத்தது காலி செய்வது. ரோட்டில் கொட்டக் கூடாது.

"காட்டுல கொட்டிரலாமுங்களே" என்றான் பொன்னுரங்கம்.

"காட்டுல கொட்டுன்னு எழுதியிருக்குதா?"

எழுதவில்லை. சென்னியப்பன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் முகம் மலர்ந்தது. "நல்ல தண்ணித் தொட்டி காலியாத்தானுங்க கெடக்குது!"

அழுக்குத் தண்ணீரை அடியில் பிடித்து, மேலே நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினார்கள். பொன்னுரங்கம் குளித்தபோது சோப்புப் போடாமலே நுரை வந்தது. இரண்டு நிமிடத்துக்குள் குளித்து முடித்துவிட்ட முதல் ஆள் அவன்தான். அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சோளக்காட்டூர் எல்லைக்கு வந்தபோது மணி பதினொன்றே கால். இன்னும் ஒரு கிலோமீட்டர். இங்கே கிண்டினால் போவதற்குள் கேசரி ஆறிவிடும். கிண்டிக்கொண்டே போகலாம் என்றால் வண்டி ஓடும்போது அடுப்பு எரியக் கூடாது. பொன்னுரங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. "போச்சு மாமா. எல்லாம் போச்சு."

"அழுகாதே மாப்ளே" என்றார் மாரப்பன். "எஞ்சினை நிறுத்தீருவோம். நாங்க தள்ளறோம். தள்ளற வண்டியை ஓடற வண்டின்னு எவன் சொல்லுவான்?"

வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, மூத்தவரும் இரண்டாமவரும் வண்டியின் மூஞ்சியில் கைவைத்துப் பின்பக்கமாகத் தள்ளினார்கள். நாச்சிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். உள்ளே பொன்னுரங்கம் நெய்விட்டு ரவையை வறுத்தான். வறுத்ததில் குழாய்த் தண்ணீரை விட்டுச் சர்க்கரை போட்டுக் கிண்டினான். கேசரி பொங்கிப் பொங்கி வந்தது. இவ்வளவு பூரிப்பாக ஒரு கேசரியை அவன் பார்த்ததே இல்லை. நல்ல சகுனம் என்று நினைத்தான்.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு வையாபுரி வாசலில் நின்றிருந்தார். ஒரு வண்டி முதுகைக் காட்டிக்கொண்டு வந்தது. அதன் மூஞ்சிப் பக்கம் வெள்ளையாக இரண்டு பேர் மூச்சிரைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏனுங்க, வந்துட்டீங்களா, போறீங்களா?"

"வந்துட்டோமுங்க! கேசரி சூடா இருக்குது, உள்ள வாங்க!"

வையாபுரியும் வெகு முறையான மனிதர். மாப்பிள்ளை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பலகாரம் கொடுத்தால் போய்த்தானே ஆக வேண்டும்? மகளோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டு தட்டை நீட்டினான்.

தெய்வானை ஒரு வாய் போட்டாள். இன்னொரு வாய் போட்டாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வாயிலிருந்து ஒரு குமிழி வந்து, மிதந்து, அவள் அப்பாவின் மூக்கில் உட்கார்ந்து உடைந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பதினொரு கும்பலுக்கு முன்னால் ஒரு தடவைகூட அவள் சிரித்ததில்லை. பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தான். காசி அவன் மனதைவிட்டு அந்தக் கணமே ஓடிப்போயிற்று.

"என்னங்க சொல்றீங்க?" என்று கேட்டார் மாரப்பன்.

வையாபுரி யோசித்தார். வந்து தின்றவர்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும். பதினொரு தடவை கேட்டிருக்கிறார். "வீட்டுக்குப் போய் லெட்டர் போடறோமுங்க" என்றார். பிறகு இறங்கிப் பத்தடி நடந்து, தம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமன்களுக்கு இது முறையாகவே பட்டது. லெட்டர் வரும்வரை நகரக் கூடாது என்று வாசலிலேயே வண்டியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். வையாபுரி சொன்னபடி லெட்டர் எழுதி, மாரப்பன், ஆலாங்குட்டை என்று விலாசம் போட்டு அனுப்பினார். மகள் சொல்லச் சொல்ல எழுதியது அது. தபால்காரரைப் பொன்னுரங்கம் தினமும் மறித்தான். "ஏனுங்க, எங்களுக்கு லெட்டர் இருக்குதா?" இல்லை. ஜன்னலில் தெய்வானை நிற்பாள். அவளிடம் கேட்கலாம்தான், ஆனால் லெட்டரில் வர வேண்டியதை நேரில் கேட்பது மரியாதையா?

ஆலாங்குட்டையில் வீடு பூட்டிக் கிடந்தது. எட்டாம் நாள் லெட்டர் அனுப்பியவர் விலாசத்துக்கே திரும்பி வந்தது. வையாபுரி ஆவலோடு பிரித்துப் படித்தார். படித்தவர் முகம் கறுத்துவிட்டது. லெட்டரை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வண்டிக்கு வந்தார்.

"ஏனுங்க, லெட்டர் வந்திருக்குது. 'உங்கள் வீட்டுப் பையனை எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, சீக்கிரம் முடித்துவிடலாம்'னு ஆசையா எழுதியிருக்காங்க. கையெழுத்தைப் பார்த்தா நல்ல குடும்பமாத் தெரியுது. ஆனா எங்க வீட்டுல பையனே இல்லீங்களே! இவ்வளவு ஆசையாக் கேக்கறவங்களுக்கு நான் எப்படிங்க இல்லைன்னு சொல்லுவேன்?"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மூன்று மாமன்களுக்கும் மனசு இளகிவிட்டது. தனியாகப் போய்க் கூடிப் பேசினார்கள். பிறகு மாரப்பன் திரும்பி வந்து, பொன்னுரங்கத்தின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"கவலைப்படாதீங்க. எங்க பையனை வெச்சுக்குங்க."

வையாபுரி நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு பெரிய உதவி பண்ணறீங்க. பதிலுக்கு நான் என்னங்க குடுக்கறது?"

மாரப்பன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க. உங்க ஊருல எங்கியாச்சும் ஒரு பொண்ணு இருந்தாச் சொல்லுங்க. அதுக்குத்தான் வந்தோம்."