புது மாடல் டிராமும் அதன் தாழ்ப்பாளும்

ஏழரை மணி இருட்டில், தெருமுனையில் ஏதோ ஒன்று முக்கி முனகியது. கன்று போட முடியாமல் தவிக்கும் எருமை என்று நினைத்தேன். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, அது புது மாடல் டிராமின் ஹாரன். பழைய டிராம் பாவம், டிங் டிங் என்று மணியடிக்கும். யாரும் பயப்படவே மாட்டார்கள். அந்தக் குறையைக் கம்பெனி தீர்த்துவிட்டது.

செலினுக்கு எட்டு மாதம். மத்தியானத்திலிருந்து ஜுரம். டாக்டர் ஞானமுத்து எட்டு மணிக்கு டிஸ்பென்சரியைச் சாத்திவிடுவார். ஒரே ஸ்டாப்தான், நடந்தே போகலாம். ஆனால் நடுவில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கான்வென்ட்டில் பத்து வருஷம் ஜெபம் சொல்லியும் எனக்குப் பேய்ப்பயம் போகவில்லை. ஏறிவிட்டேன்.

பழைய டிராமுக்குக் கதவே கிடையாது. இதற்குக் கதவு, தாழ்ப்பாள், மெத்தை சீட்டு எல்லாம் உண்டு. பயணி நான் ஒருத்திதான். சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பலகை. அதில் இரண்டு விதிகள். ஒன்று, எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று வெளியே நின்று பார்க்க வேண்டும். இரண்டு, கதவை உள்ளேயிருந்து தாழிட்ட பிறகே வண்டி நகர வேண்டும்.

கண்டக்டர் பொன்னுரங்கம் கீழே இறங்கிப் பார்த்தார். "எல்லோரும் ஏறியாச்சு!" என்றார். இன்ஸ்பெக்டர் தீனதயாளன் கதவைத் தாழிட்டார். உடனே கதவு தட்டும் சத்தம்.

"சார், நான் இன்னும் ஏறலையே!"

"நீதானேய்யா எல்லோரும் ஏறியாச்சுன்னே?"

"என்னைப் பார்த்துச் சொல்ல வெளியே வேற ஆளு இல்லையே சார்!"

"நியாயம்தான்" என்று தீனதயாளன் கதவைத் திறந்து, தானே இறங்கிப் பார்த்தார். பொன்னுரங்கம் ஏறித் தாழிட்டார். இப்போது இன்ஸ்பெக்டர் தட்டினார்.

டிரைவர் கண்ணாயிரத்துக்குப் பொறுக்கவில்லை. "வெளியே இருக்கிறவரைப் பார்க்க இன்னொருத்தர் வெளியே வேணும்யா. இதுகூடத் தெரியலையா?" என்று இறங்கினார். அவரைப் பார்க்கப் பொன்னுரங்கமும் இறங்கினார். மூன்று பேரும் தெருவில் நின்று ஒருவரையொருவர் திருப்தியாகப் பார்த்துக்கொண்டார்கள்.

மணி ஏழே முக்கால்.

"அண்ணே, குழந்தை உடம்பு நெருப்பாக் கொதிக்குது. கிளப்புங்கண்ணே!"

"பயப்படாதேம்மா. இது புது மாடல். விபத்தே நடக்காது" என்றார் தீனதயாளன்.

உண்மைதான். நகர்ந்தால்தானே விபத்து!

பலகையை இன்னொரு தடவை படித்தேன். "அண்ணே, டிரைவர் உள்ளே இருக்கணும்னு இதில போடலையே. நான் தாழ் போடறேன். நீங்க மூணு பேரும் வெளியே நின்னு பார்த்துக்கிட்டே தள்ளுங்க."

மூன்று முகங்களும் மலர்ந்தன. "படிச்ச பொண்ணு!" என்றார் தீனதயாளன்.

"ஹாரன் யார் அடிக்கிறது?" என்று கவலைப்பட்டார் கண்ணாயிரம். பிறகு பிரேக்கைத் தளர்த்திவிட்டு வந்து, வாயாலேயே அடித்துக்கொண்டு தள்ளினார். பாதை கொஞ்சம் சரிவு, வண்டி உருண்டது. கல்லறைத் தோட்டத்தைக் கடந்தபோது எனக்குப் பயமே இல்லை. அந்தச் சத்தத்துக்குக் கல்லறைக்குள்ளே இருந்தவர்கள்தான் பயந்திருப்பார்கள்.

டிஸ்பென்சரி முன்னால் மூன்று பேரும் பின்னாலிருந்து இழுத்து வண்டியை நிறுத்தினார்கள். டாக்டர் சாவியும் கையுமாக வாசலில் நின்றார். ஆளில்லாத டிராமில் நான் வந்து இறங்கியதைப் பார்த்தார், சாவியை மறுபடி பூட்டில் போட்டுத் திறந்தார். உள்ளே கூட்டிப்போய்க் குழந்தையின் தொண்டையைப் பார்த்து மருந்து புகட்டினார். "சளிதான், பயமில்லை" என்றார். அரை மணியில் செலினின் நெற்றி வேர்த்தது. எனக்கு உயிர் வந்தது.

அப்போது வாசலில் பொன்னுரங்கத்தின் தலை. "அம்மா, நீங்க இறங்கிட்டீங்க. உள்ளே தாழ் போட ஆளில்லை. வண்டி அப்படியே நிக்குது. டாக்டர் ஐயா, நீங்களாவது ஒரு நிமிஷம் வந்து..."

டாக்டர் அவரை மெதுவாக வெளியே தள்ளி, கதவைச் சாத்தி, பெரிய தாழ்ப்பாளை இழுத்துப் போட்டார். வெளியே பொன்னுரங்கத்தின் குரல் கேட்டது.

"கேட்டீங்களா சார்? உள்ளேயிருந்து தாழ் போட்டாச்சு!"

"எல்லோரும் உள்ளே இருக்காங்களா?"

"பார்த்துட்டேன் சார். டாக்டர், அம்மா, குழந்தை."

"அப்போ ரைட்!"

கண்ணாயிரத்தின் வாயில் எருமை முனகியது. அலமாரியில் மருந்துப் புட்டிகள் கலகலவென்று ஆடின. மூன்று பேரும் டிஸ்பென்சரியைத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். டாக்டர் எழுந்துபோய், மேல் தாழ்ப்பாளையும் போட்டார்.