பூதனின் குதிகால்

"பூதனுக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்கு ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆசானம்மா?"

அந்துவன் இப்படிக் கேட்டதும் பக்கத்தில் இருந்த பச்சை மூங்கில் லேசாகப் புகைந்தது. அவ்வளவு பொறாமை. நான் பார்க்கவில்லை. பார்த்த காக்கை சொன்னது. பொய் பேசாத காக்கை.

கொற்றியம்மை வில்லின் நாணுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தாள். அந்துவனைவிட வயதில் இளையவள். வில்லை எடுத்தால் மூத்தவள்.

"அவனுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன்?"

"அது தெரிந்தால் உங்களிடம் வந்து ஏன் கேட்கிறேன்?"

"நியாயம்தான்" என்றாள். மெழுகு தடவினாள்.

எல்லாம் ஒரு பாலத்தால் வந்த வினை.

வில் பழகும் அந்தக் குன்றுக்கும் அக்கரைக்கும் நடுவில் பெரிய பள்ளத்தாக்கு. கீழே ஆறு. குறுக்கே ஒரு கயிற்றுப் பாலம். ஒவ்வொரு மழைக்கும் அது அறுந்து போகும். மழை நின்றதும் இக்கரையிலிருந்து ஒருவன் அம்பு விடுவான். அம்பின் வாலில் கற்றாழை நார் கட்டியிருக்கும். அக்கரைக்காரர்கள் நாரைப் பிடித்து இழுப்பார்கள். நாரோடு சரடு போகும், சரடோடு வடம் போகும். பாலம் எழும்பிவிடும்.

அம்பு விட்டவன் பெயர்தான் அடுத்த மழை வரைக்கும் பாலத்துக்குப் பெயர்.

போன வருஷம் அது அந்துவன் பாலம். அதற்கு முந்தின வருஷமும் அந்துவன் பாலம். ஆடுகள்கூட அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் காலை வைக்கும்.

இந்த வருஷம் மழை நிற்பதற்குள்ளாகவே சமையற்கட்டில் "பூதன் பாலம்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பூதன் நேற்று வந்தவன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன். அவன் விடுகிற அம்பு சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

"அவன் எப்படி நிற்கிறான் என்று பார்த்தாயா?" என்று கேட்டாள் கொற்றியம்மை.

"பார்க்காமல் இருப்பேனா? கண்ணை மூடினாலும் அவன்தான் நிற்கிறான்."

"அப்படியானால் நன்றாகப் பார்."

அந்துவன் பார்த்தான். பலா மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தான்.

பூதனின் இடது குதிகால் தரையில் படவில்லை. விரல்களை மட்டும் ஊன்றியிருந்தான். நாணை இழுக்கும்போது கீழுதட்டைக் கடித்தான். அம்பை விடுவதற்குச் சற்று முன்னால் பல்லிடுக்கில் "ஸ்ஸ்" என்றான்.

"அகப்பட்டான்!" என்றான் அந்துவன் பலா மரத்திடம்.

மறுநாள் அவனும் குதிகாலைத் தூக்கினான். உதட்டைக் கடித்தான். "ஸ்ஸ்" என்றான்.

முதல் அம்பு சமையற்கட்டுக்குள் புகுந்து ஒரு பரங்கிக்காயை இரண்டாகப் பிளந்தது.

"அந்துவண்ணே, காயை நானே நறுக்கிக்கொள்கிறேன்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் சமையல்காரி நீலி. "முடிந்தால் ஒரு நாள் விறகு வெட்டிக் கொடுங்கள்."

இரண்டாவது அம்பு இன்னும் விழவில்லை. மேலே எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

அந்துவன் திரும்ப ஓடிவந்தான்.

"ஆசானம்மா, அவன் எதையோ ஒளிக்கிறான்."

"எதை?"

"அதுதான் தெரியவில்லை. அவன் செய்கிற எல்லாவற்றையும் செய்கிறேன். எனக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது."

"நன்றாகப் பார் என்றேனே."

அந்துவன் இன்னும் உற்றுப் பார்த்தான். குதிகாலை இன்னும் உயரத் தூக்கினான். கொஞ்ச நாளில் சோறு உண்ணப் போகும்போதும் குதிகாலைத் தூக்கியே நடந்தான். தூக்கத்தில் "ஸ்ஸ்" என்றான். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் பாம்பு என்று எழுந்து ஓடினார்கள்.

மழை நின்றது.

இக்கரையில் உப்பு தீர்ந்துபோயிருந்தது. எல்லாரும் சப்பென்ற கஞ்சி குடித்துவிட்டுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் வந்து கூடினார்கள். அக்கரையில் உப்பு மூட்டைகளோடு ஜனங்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய இலவ மரம். அம்பு போய்த் தைக்க வேண்டியது அதில்.

"முதலில் அந்துவன்" என்றாள் கொற்றியம்மை.

அந்துவன் நின்றான். குதிகால் உயர்ந்தது. உதட்டைக் கடித்தான். "ஸ்ஸ்."

அம்பு நாரை இழுத்துக்கொண்டு பாதி தூரம் போயிற்று. அங்கே கொஞ்சம் யோசித்தது. பிறகு ஆற்றைப் பார்த்துத் தலைகீழாகப் பாய்ந்தது.

அக்கரையில் யாரோ சிரித்தார்கள்.

"பூதனை விடச் சொல்லுங்கப்பா! மூட்டையைத் தூக்கிக்கொண்டு எத்தனை நேரம் நிற்பது?"

அந்துவனுக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது.

பூதன் வந்து நின்றான். குதிகாலைத் தூக்கினான். நாணில் கை வைத்தான்.

கொற்றியம்மை அவன் வில்லைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருவன் குதிகாலைத் தூக்கினால் பழக்கம் என்று விட்டுவிட்டேன். இரண்டு பேர் தூக்கினால் அது தொற்றுநோய். உட்கார். காலைக் காட்டு."

"ஒன்றுமில்லை, ஆசானம்மா."

"அந்த ஒன்றுமில்லையைத்தான் காட்டச் சொல்கிறேன்."

பூதன் பாறையில் உட்கார்ந்தான். குதிகாலின் நடுவில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. கொற்றியம்மை ஓர் அம்பின் முனையால் அதைக் கீறினாள். நகத்தால் பற்றி இழுத்தாள்.

கருவேல முள் வந்தது. ஒரு முழம் இருந்தது என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் ஒரு விரற்கடைதான்.

"எப்போது தைத்தது?"

"இங்கே வருகிற வழியில்."

"ஏன் சொல்லவில்லை?"

"நிற்கவே வக்கில்லாதவன் வில் பழக வந்துவிட்டான் என்று திருப்பி அனுப்பிவிட்டால்?"

"அந்த 'ஸ்ஸ்'?"

"வலி பொறுக்காமல் வருவது, ஆசானம்மா."

பூதன் அந்துவனைப் பார்த்தான். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"நான் வந்த நாளில் அண்ணன் எப்படி நின்றார், தெரியுமா? இரண்டு காலையும் ஊன்றி, பாறை மாதிரி. ஒரே ஒரு நாள் அப்படி நிற்க மாட்டோமா என்று கிடந்து தவித்திருக்கிறேன். சொன்னால் என்ன, அண்ணனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இப்போது ஏனோ அண்ணனும் நொண்டுகிறார்."

அந்துவன் கடித்த உதட்டை விட மறந்திருந்தான்.

கொற்றியம்மை பூதனின் காலில் துணியைச் சுற்றிக் கட்டினாள். ரத்தம் துணியை மீறி வந்தது.

"இவன் இன்றைக்கு நிற்க முடியாது" என்றாள். "அந்துவா, எடு."

புது அம்பில் புது நாரைக் கட்டினார்கள். அக்கரையில் பேச்சு நின்றது. அந்துவன் விளிம்புக்கு வந்தான். அம்பைத் தொடுத்தான். நாணைக் காது வரைக்கும் இழுத்தான்.

அவன் இடது குதிகால் தானாக மேலே எழுந்தது.

கொற்றியம்மை குனிந்தாள். அந்தக் குதிகாலைத் தடவிப் பார்த்தாள். விரலால் அழுத்திப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"உனக்கு இன்னும் வலிக்கிறதா?" என்று கேட்டாள்.

அந்துவன் குதிகாலைக் கீழே வைத்தான்.

எனக்குக் கதை சொன்ன காக்கை அன்று மாலை பறக்கவில்லை. பாலத்தின் மேல் நடந்தே அக்கரைக்குப் போனது.