மூன்று பேர் கேட்ட ஒரு நோட்டீஸ்

இது ஒட்டன்சத்திரத்துக் கதை. சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பேன். கீழே இருக்கும் விடையைப் படிக்காமல் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

திலகவதி அங்கன்வாடிப் பணியாளர். கணவன் குருநாதனுக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. போன வருடம் மகளுக்குக் காதுகுத்து வைத்து, சொந்தபந்தம் எல்லோருக்கும் பிரியாணி விருந்து போட்டார்கள். சமையல் சிக்கந்தர் பாய். கறி, அரிசி எல்லாம் அவர் பொறுப்பு. அவரைத் தேடிப் போய் விலை பேசி முன்பணம் கொடுத்தவன் குருநாதன். மீதி எண்பதாயிரத்தை விருந்து முடிந்ததும் தருவதாக வாக்குக் கொடுத்ததும் அவன்தான். திலகவதி அந்தப் பேச்சிலேயே இல்லை.

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் நல்லசிவத்தின் மடியில் இருந்தாள். திலகவதியின் அண்ணனான அவன் மார்க்கெட்டில் வெங்காய வியாபாரம் செய்கிறவன். அந்த முறை அவன் கொண்டுவந்த சீர்த்தட்டு கொஞ்சம் மெலிந்துதான் இருந்தது. குருநாதனின் அக்கா அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ முணுமுணுத்தாள். அது நல்லசிவத்தின் காதில் விழுந்தது. குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்த் தன் பையிலிருந்து காசோலைப் புத்தகத்தை எடுத்து, தங்கை பெயருக்கு ஒரு லட்சம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினான். மைக்கில் அறிவித்தார்கள். மண்டபமே கைதட்டியது. திலகவதிக்குக் கண் கலங்கிவிட்டது.

வெங்காய விலை விழுந்து அவன் கணக்கு வறண்டு கிடந்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும். தங்கையிடம் அவன் எந்தக் கடனும் வாங்கியதில்லை. கொடுத்தது பாசத்துக்காக, கூடவே அந்த முணுமுணுப்புக்காகவும்.

மறுநாள் காலை திலகவதி அந்தக் காசோலையை வங்கியில் போட்டாள். சாயங்காலம் மீதிப் பணம் கேட்டு சிக்கந்தர் பாய் வீட்டுக்கு வந்தார். குருநாதன் ஷிப்டில் இருந்தான். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அண்ணன் பணம் கணக்கில் ஏறிவிடும் என்ற நம்பிக்கையில், தன் கணக்கிலிருந்து எண்பதாயிரத்துக்குக் காசோலை எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்துப் போடும்படி கேட்டுக்கொண்டாள். அவரும் அப்படியே செய்தார்.

இரண்டு காசோலையும் திரும்பின. இரண்டிலும் ஒரே காரணம்: கணக்கில் போதிய பணம் இல்லை.

குருநாதன் கொதித்துப் போனான். மச்சான் மேல் கேஸ் போட்டே தீருவேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கத்தினான். நல்லசிவம் போனை எடுக்கவே இல்லை. திலகவதி இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள்.

சிக்கந்தர் பாய் பொறுத்துப் பார்த்தார். கறிக்கடைக்காரரும் அரிசி மண்டிக்காரரும் அவர் கழுத்தைப் பிடித்தார்கள். வேறு வழியில்லாமல் வக்கீல் காஞ்சனாவிடம் போனார். முதலில் ஒரு நோட்டீஸ் அனுப்பவேண்டும், அது கைக்குக் கிடைத்துப் பதினைந்து நாளுக்குள் பணம் வராவிட்டால் வழக்கு, வழக்கு நிரூபணமானால் இரண்டு வருடம் வரை சிறையோ காசோலைத் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோகூடக் கிடைக்கலாம் என்று அவர் விளக்கினார். அதைக் கேட்டு பாய்க்கே பயமாகிவிட்டது. திடுதிப்பென்று நோட்டீஸ் போய் விழவேண்டாம் என்று குருநாதனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

மறுநாள் காலை கணவனும் மனைவியும் வக்கீல் ஆபீசுக்கு வந்தார்கள். சேதி கேள்விப்பட்டு நல்லசிவமும் வந்து சேர்ந்தான். காதுகுத்துக்குப் பிறகு தங்கையின் முகத்தை அன்றுதான் பார்க்கிறான். நாற்காலி இருந்தும் அவன் உட்காரவில்லை.

"என் செக்கு பாஸாகியிருந்தா தங்கச்சி செக்கும் பாஸாகியிருக்கும். கணக்குல ஒண்ணுமில்லேன்னு தெரிஞ்சேதான் எழுதுனேன். நோட்டீஸை என் பேருக்கு அனுப்புங்க" என்றான்.

அவனைத் திட்டுவதற்கென்றே வந்திருந்த குருநாதன் வக்கீல் பக்கம் திரும்பினான். "சமையலுக்குச் சொன்னது நானு. கடன் என்னோடது. என் பேருக்கே அனுப்புங்க" என்றான்.

வழக்கு என்று ஒன்று வந்தால் வேலை என்னாகுமோ என்று திலகவதி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆனாலும் சொன்னாள்: "செக்குல இருக்கறது என் கையெழுத்து. ரெண்டு பேரும் எதுக்கு இப்படிச் சண்டை போடறீங்க?"

"யார் பேருக்கு வேணாலும் போகட்டும்மா. எனக்குப் பணம் வந்தாப் போதும். யாரும் ஜெயிலுக்குப் போகவேண்டாம்" என்று சிக்கந்தர் பாய் வக்கீலிடம் மெதுவாகச் சொன்னார்.

காஞ்சனா மூவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, நோட்டீஸில் ஒரே ஒரு பெயரை எழுதினார்.

வெறும் கணக்கில் காசோலை எழுதிய அண்ணனா, கடன்பட்ட கணவனா, நம்பிக் கையெழுத்துப் போட்டவளா? அந்த நோட்டீஸில் இருந்த பெயர் யாருடையது? ஏன்?

விடை: திலகவதியின் பெயர். தன் கணக்கிலிருந்து கையெழுத்திட்டுக் காசோலை கொடுத்தவரைத்தான் காசோலைச் சட்டம் பிடிக்கும். அந்தக் காசோலை ஒரு நிஜமான கடனைத் தீர்க்கக் கொடுத்ததாக இருந்தால் போதும். கடன் கணவனுடையதாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டவரே பதில் சொல்லவேண்டும். அண்ணன் பணம் வரும் என்று நம்பியதாகச் சொல்லியும் தப்ப முடியாது. குருநாதன் கடன்காரன்தான், ஆனால் காசோலை அவனுடையது அல்ல. நல்லசிவம் தெரிந்தே வெறும் காசோலை எழுதியவன்தான், ஆனால் அது அன்பளிப்பு. அன்பளிப்புக்குப் பின்னால் சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடன் கிடையாது என்பதால் இந்தச் சட்டம் அவனைத் தொடாது. கெடு முடிவதற்குள் பணம் கட்டிவிட்டால் வழக்கே இல்லை. அந்தக் கெடுவுக்குள் நல்லசிவம் தன் சரக்கு ஆட்டோவை விற்று, எண்பதாயிரத்தையும் வக்கீல் ஆபீசிலேயே சிக்கந்தர் பாயிடம் எண்ணிக் கொடுத்தான். சட்டப்படி நீங்கள் இதைக் கட்டவேண்டியதில்லை என்று காஞ்சனா சொன்னார். "தெரியும்மா" என்றவன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனான்.