நெல் அறைச் சாவி

"எனக்குத் தூங்கத் தெரியலைம்மா" என்றார் ஏகாம்பரம்.

மலை மடத்தின் தலைவி அம்பலத்தம்மை நிமிர்ந்து பார்த்தார். சீடருக்கு வயது நாற்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தைந்து.

"இப்பவா, எப்பவுமா?"

"பிறந்ததிலேருந்தே. மணி அடிச்சதும் எல்லாரும் வரிசையாப் படுத்துத் தூங்கிடறாங்க. எனக்கு அப்பத்தான் காது திறக்குது. பல்லி, பக்கத்தில படுத்தவர் மூச்சு, யாரோ புரண்டா பாய் உரசற சத்தம், ஒண்ணு விடாமக் கேக்குது. கோரை வேற முதுகெல்லாம் குத்துது."

ஒரு முறை கேட்ட பதிகத்தை மறக்காத காது அது. மடமே மெச்சிய காது. ராத்திரியில் மட்டும் அதை எங்கே கழற்றி வைப்பது?

மடத்தில் ஒரு விதி உண்டு. விடியற்காலைப் பதிகத்தில் மூன்று முறை தூங்கி விழுந்தவர் மூட்டையைக் கட்ட வேண்டும். ஏகாம்பரம் இரண்டு முறை விழுந்துவிட்டார். இந்த மடத்தை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

"என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?"

"பால் குடிச்சேன். மூச்சை எண்ணினேன். என்னையே திட்டிக்கிட்டேன்."

"தூக்கம் வந்ததா?"

"திட்டி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்."

காரியஸ்தர் தர்மலிங்கம் பக்கத்தில் நின்றிருந்தார். தலை சாய்த்ததும் குறட்டை விடும் பாக்கியவான்.

"கண்ணை மூடினா வருது. இதுக்குப் போய் உபதேசமா?"

அம்மை அவர் பக்கம் திரும்பவில்லை.

"எங்கேயாவது, ஒரு நாளாவது நல்லாத் தூங்கினதுண்டா?"

ஏகாம்பரம் தயங்கினார். திருட்டை ஒப்புக்கொள்பவர் போலக் குரல் இறங்கியது.

"நெல் அறையில. மூட்டை அடுக்கிட்டு உட்கார்ந்தேன். அரை மூட்டை ஒண்ணு சரிஞ்சு கால்மேல சாஞ்சுது. அந்தக் கனம் சுகமா இருந்தது. சுவருக்குப் பின்னால வாய்க்கால் ஒரே சீரா ஓடிச்சு. வேற எதுவும் கேக்கலை. மத்தியானம் பூரா தூங்கினேன். தப்புதான்."

"இன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் அங்கே படுங்க. ஆளுக்கு அரை மூட்டை, கால்மேல."

"நானுமா?" என்றார் தர்மலிங்கம்.

"கண்ணை மூடினா வருமே."

மறுநாள் பதிகத்தின் நடுவில் ஒரு குறட்டை கேட்டது.

பழக்கதோஷத்தில் எல்லாத் தலைகளும் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பின. அவர் கணீரென்று பாடிக்கொண்டிருந்தார்.

தூணோரம் தர்மலிங்கம் கவிழ்ந்து கிடந்தார். உலுக்கி எழுப்பினார்கள்.

"முடியலைம்மா. கால் மரத்துப்போச்சு. ராத்திரி பூரா காதுகிட்ட யாரோ ஒண்ணுக்குப் போற மாதிரி வாய்க்கால் சத்தம். இந்த மனுஷன் எப்படித்தான் தூங்கினாரோ!"

அம்மை ஏகாம்பரத்தைக் கேட்டார்.

"இவருக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்?"

காரியஸ்தரின் சிவந்த கண்களை ஏகாம்பரம் பார்த்தார். அந்தக் கண்கள் அவருக்கு நன்றாகத் தெரிந்தவை.

"தண்டனை எதுக்கும்மா? பாவம், அவருக்குத் தூக்கம் வர்ற இடத்தில அவரைப் படுக்க விடுங்க."

 

அம்மை இப்போது தர்மலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

தர்மலிங்கம் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, இடுப்பிலிருந்த நெல் அறைச் சாவியை அவிழ்த்து ஏகாம்பரத்தின் கையில் வைத்தார்.

பிறகு தன் பாயைத் தேடிப் போனார்.