குன்றேறிய இரண்டு குடம்

கடலோரத்தில் ஓர் ஊர். பக்கத்திலேயே ஒரு குன்று. உச்சியில் படகுகளுக்கு வழிகாட்டும் விளக்கு. அதைக் காக்க வருடம் முழுக்க ஒருவன் தனியாக மேலே கிடக்க வேண்டும். போன வருடம் அந்தக் கொடுப்பினை மாசிலாமணிக்கு. ஏறிப்போய்ப் பார்க்க ஊரில் யாருக்கும் நேரமில்லை. கீழே யாராவது சிரித்தால் காற்று அதை மட்டும் மேலே கொண்டுவரும். அதைக் கேட்டு அழுதிருக்கிறான்.

வருடம் முடிந்ததும் பழைய காவலனும் புதிதாகப் பெயர் வந்தவனும் ஆளுக்கொரு குடம் எண்ணெயை உச்சிக்கு ஏற்ற வேண்டும். எண்ணெயை ஏற்றுவதில் யார் செய்த வேலை குறைவோ, அவன் மேலே தங்க வேண்டும். விளக்கு எண்ணெயை மூடி எடுத்துப்போகக் கூடாது என்பதும் ஊர் வழக்கம்.

இம்முறை பெயர் வந்தவன் வீரபத்திரன். இருவருக்கும் ஒரே எடை. குடங்கள் இரண்டும் கழுத்து வரை நிறைந்திருந்தன. வீரபத்திரன் செங்குத்தான படிகளில் ஓடினான். வெயில் ஏறுமுன் உச்சிக்குப் போய், எண்ணெயைக் கொப்பரையில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தான். மாசிலாமணிக்கு முழங்கால் வலி. குன்றைச் சுற்றிப் போகும் சரிவுப் பாதையில், குடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்தான். இன்னொரு வருடம் அங்கே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தான். உச்சியில் இறக்கியபோதும் அவன் குடத்தில் எண்ணெய் கழுத்து வரை நின்றது. ஆனால் உச்சிவெயில் வந்துவிட்டது.

தீர்ப்புச் சொல்ல ஊர்த் தலைவர் படி வழியாக வந்தார். மழை கண்டு மாதக்கணக்கான படிகளில் இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்து, செருப்பைத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"வீரபத்திரன் மூச்சு வாங்க ஓடி வந்திருக்கான் பாரு! நீ ஆடி அசைஞ்சு வந்திருக்க" என்றார்.

"நான்தானே ஐயா ரொம்ப தூரம் நடந்தேன்?" மாசிலாமணிக்குத் தன் குரலே யாருடையதோ போலிருந்தது.

"சரிவுல நடக்குறது ஒரு வேலையா?" என்றான் வீரபத்திரன்.

தலைவர் தலையைச் சொறிந்தார். நீங்களாவது சொல்லுங்கள்: குறைவாக வேலை செய்தது யார்? இந்த வருடம் குன்றில் தனியாகக் கிடக்க வேண்டியவன் எவன்?

விடை: எவ்வளவு எடை எவ்வளவு உயரம் ஏறியது என்பதுதான் வேலையின் அளவு. படியில் பலம் அதிகம் வேண்டும், தூரம் குறைவு. சரிவில் பலம் குறைவு, தூரம் அதிகம். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். ஓடியவனுக்குத் திறன், அதாவது வேலையை முடிக்கும் வேகம், அதிகம். அதனால் வேலை கூடிவிடாது. ஆனால் காய்ந்த படியில் தலைவரை வழுக்கவைத்தது எது? ஓடும்போது வீரபத்திரன் குடத்திலிருந்து அலம்பிச் சிந்திய எண்ணெய். அது உச்சிக்கு ஏறவே இல்லை. ஆகவே தங்க வேண்டியவன் அவன். அன்று மாலை மாசிலாமணி கீழே இறங்கினான். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தான். வீரபத்திரன் விளக்கடியில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "வாரா வாரம் வரேன்டா" என்று கத்தினான் மாசிலாமணி. "மெதுவாத்தான் வருவேன். ஆனா வருவேன்."